ருசி பார்க்காத கறி

குன்னூரில் பத்மாசனி அம்மையாரிடம் புதன்கிழமைதோறும் வேதாந்தம் கற்றவர்களில் நீலமேகமும் ஒருவர். ஆசிரியையைவிட அவர் பதினோரு வயது மூத்தவர். தேயிலை மாதிரிகளை ருசித்துத் தரம் சொல்வது அவருடைய தொழில். அவருடைய நாக்கு தவறாது என்று ஊரில் சொல்வார்கள். அவரும் சொல்வார்.

பாடம் இல்லாத ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவர் வந்து நின்றார். பத்மாசனி அப்போதுதான் கல்லூரியிலிருந்து திரும்பி, கைகால் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்திருந்தார்.

"அம்மா, நீங்கள் உடனே என் வீட்டுக்கு வர வேண்டும். என் மனைவிக்குத் தர்மம் இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டும்."

"குமுதவல்லி என்ன செய்தார்?"

"நேற்றுப் பரங்கிக்காய்க் கறியில் வெல்லத்தைக் கொட்டி வைத்திருந்தாள். உப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை. தட்டைத் தள்ளினேன்."

"மெதுவாகவா?"

"கீழே விழுந்தது. அதுவா இப்போது முக்கியம்?"

பத்மாசனி அரிசியைக் களைந்தார்.

"குனிந்து தட்டை எடுத்து வைத்தாள். இனி இந்த வீட்டில் கரண்டியைத் தொட மாட்டேன் என்றாள். தபால் அலுவலகத்தில் பதவி உயர்வு கொடுத்துச் சேலத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இருந்தாளாம். இப்போது போகப்போகிறாளாம். நாளைக் காலை பத்து மணிக்குச் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். இருபத்திரண்டு ஆண்டு வாழ்ந்த வீடு, அம்மா! ஒரு பரங்கிக்காய்க்காக!"

"ஒரே ஒரு பரங்கிக்காய்க்காகவா?"

நீலமேகம் சற்றுத் தயங்கினார். "உப்பு கூடினால் கூடியது என்பேன். குறைந்தால் குறைந்தது என்பேன். நாளொன்றுக்கு முந்நூறு கோப்பை ருசிக்கும் நாக்கு இது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?"

"தேயிலை சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்?"

"துப்பிவிட்டுக் குற்றத்தைச் சொல்வேன். சூடு மிகுந்துவிட்டது, இலை முற்றியது என்று. தொழிற்சாலையில் திருத்திக்கொள்வார்கள்."

"திருத்துகிறவர் அந்தத் தேநீரைக் குடித்துப் பார்ப்பாரா?"

"நன்றாகக் கேட்டீர்கள்! குடித்துப் பார்க்காமல் எப்படித் திருத்துவது?"

"சரிதான்," என்றார் பத்மாசனி. "உங்களோடு வருகிறேன். ஆனால் எட்டு மணிக்குள் இந்த வீட்டில் சாப்பாடு ஆக வேண்டும். சாதமும் ரசமும் என் பொறுப்பு. கறியை நீங்கள் செய்துவிடுங்கள். பரங்கிக்காய்தான் இருக்கிறது."

"நானா?"

"இரண்டு கை இருக்கிறதே."

"அம்மா, அங்கே என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகன் கடையிலிருந்து பரோட்டாப் பொட்டலம் வாங்கி வந்து தின்கிறான். பெருமாள் படத்துக்கு எதிரில் பரோட்டா! நீங்கள் என்னைக் காய் நறுக்கச் சொல்கிறீர்கள்!"

"பேசிக்கொண்டே நறுக்கலாம்."

அவர் கோபத்தோடு நறுக்கினார். துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தன. இருப்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. வற்றல் மிளகாய் கறுத்தது. காயைப் போட்டுக் கிளறும்போது, தம் வீட்டார் இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி, இன்னும் வேகமாகக் கிளறினார்.

"உப்பு எவ்வளவு?"

"வேண்டிய அளவு."

"வெல்லம்?"

"காயைப் பொறுத்தது. சில காய் தானே இனிக்கும். சில காய்க்குக் கைப்பிடி வெல்லமும் போதாது."

"இந்தக் காய் எப்படிப்பட்டது?"

"எனக்குத் தெரியாது."

நீலமேகம் உப்பைப் போட்டார். சிறிது நேரம் கழித்து, போதாதோ என்று மறுபடியும் போட்டார். புளித் தண்ணீரைத் தெளித்து, வெல்லத்தைத் தூவி, அடுப்பை எரியவிட்டார். பாகு பளபளவென்று காயைச் சுற்றிக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கரண்டி நுனியில் சிறிது எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, வாயருகே கொண்டுபோனார்.

பத்மாசனி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பெருமாளுக்குக் காட்டவில்லை."

"உப்புப் பார்க்கத்தான், அம்மா."

"எச்சில் பட்டதைப் பெருமாளுக்குக் காட்டுவீர்களா?"

"சரி, முகர்ந்தாவது பார்க்கிறேன்."

"அதுவும் கூடாது. உங்கள் வீட்டில் கூடுமா?"

"கூடாது."

"யார் சொன்னது?"

"என் தந்தை. அவருக்குப் பிறகு நான்." நீலமேகத்தின் கை பத்மாசனியின் பிடியிலேயே இருந்தது. கறி உள்ளங்கையைச் சுட்டது. "மணமாகி வந்த முதல் வாரம் இப்படித்தான் அவள் கையில் விட்டு ருசி பார்த்தாள். சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டச் சொன்னேன்."

"கொட்டினாரா?"

"கொட்டினாள்."

"அதற்குப் பிறகு ருசி பார்த்தாரா?"

"ஒரு நாளும் இல்லை."

பத்மாசனி கையை விட்டார். அவருடைய குரல் உயரவில்லை. ஆனால் வகுப்பில் அந்தக் குரலை நீலமேகம் கேட்டதில்லை.

"முந்நூறு கோப்பையும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறீர்கள். ஒரு வாய்கூடப் பார்க்கவிடாமல் ஒருவரைச் சமைக்கச் சொல்லி, தினமும் அவருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். இதில் தர்மத்தை நான் யாருக்குச் சொல்ல வேண்டும்?"

நீலமேகம் கையிலிருந்ததைத் தொட்டியில் கழுவினார்.

கறி பெருமாள் முன் வைக்கப்பட்டது. மணி அடித்தது. பிறகு நான்கு தட்டுகள் போடப்பட்டன. பத்மாசனியின் கணவர் தேசிகன் கணக்கு வாத்தியார். மகள் வேதா ஏழாம் வகுப்பு. மேசை நடுவில் ஓர் உப்புக் கிண்ணமும் ஒரு வெல்லக் கிண்ணமும் இருந்தன.

வேதா ஒரு வாய் உண்டாள்.

"அம்மா, இது கறியா, கஷாயமா?"

"கறி."

"வெல்லம் போட்டால் இனிக்கும் என்று சொன்னாயே?"

"இன்றைக்குத் தீய்ந்துவிட்டது. சாப்பிடு."

தேசிகன் மென்று விழுங்கிவிட்டுச் சாமி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பாவம், பெருமாள் இன்று விரதம் இருந்திருக்கலாம்," என்றார். பிறகு தயிரை ஊற்றிக்கொண்டு தட்டிலிருந்ததை முடித்தார். பத்மாசனியும் முடித்தார். ஒரு துண்டைக்கூட ஒதுக்கவில்லை.

நீலமேகத்துக்கு முதல் வாய் தொண்டையில் நின்றது. உப்பு இரு மடங்கு இருந்தது. வெல்லம் கசந்தது. காய் நடுவில் வேகவில்லை. அவர் நாக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியது.

"இந்தக் கிண்ணங்கள் எதற்கு?" என்று கேட்டார்.

"நானும் ருசி பார்க்காமல்தான் சமைக்கிறேன்," என்றார் பத்மாசனி. "குறைந்தால் அவரவர் போட்டுக்கொள்வார்கள்."

"கூடினால்?"

"தயிர் இருக்கிறது," என்றார் தேசிகன்.

"பெருமாள் எல்லாருக்கும் முன்னால் சாப்பிடுகிறார்," என்றார் பத்மாசனி. "இத்தனை ஆண்டில் உங்கள் வீட்டில் அவர் ஒரு தட்டையாவது தள்ளியிருக்கிறாரா?"

நீலமேகம் தட்டில் இருந்ததை உண்டு முடித்தார். முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எழுந்து கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"அம்மா, வருகிறேன் என்றீர்களே."

பத்மாசனி உள்ளே போய், சட்டியில் மிஞ்சிய கறியை ஒரு சிறிய தூக்கில் வழித்துப் போட்டு, மூடி, அவரிடம் நீட்டினார்.

"எனக்குப் பதில் இது வரும்."

"இதையா? இதை எப்படி அவளுக்குக் கொடுப்பது? வாயில் வைக்க முடியாது!"

"சுடுசாதம் வடித்து, குமுதவல்லியை உட்காரவைத்து, இதைப் பரிமாறுங்கள். அவர் உண்டு முடிக்கும்வரை எதிரில் நில்லுங்கள். நீங்கள் செய்தது என்று சொல்லுங்கள். ருசி பார்க்காமல் செய்தது என்றும் சொல்லுங்கள்."

"கடிதம்?"

"அது அவர் எழுதவேண்டிய கடிதம். கொடுப்பதும் கிழிப்பதும் அவர் பாடு. அதைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

நீலமேகம் தூக்கை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் செருப்பில் கால் நுழைக்காமல் நின்றார்.

"அவள் தட்டைத் தள்ளிவிட்டால்?"

"குனிந்து எடுத்து வையுங்கள்," என்றார் பத்மாசனி. "எப்படி என்று கேட்டால் அவர் சொல்லித் தருவார்."