ஆமை முட்டை பொரிக்கப் போனவர்கள்

கொட்டாப்புளிப்பாளையத்து ஆட்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு காரியத்தைச் சொன்னால் சொன்ன வாய் மூடுவதற்குள் செய்து முடித்துவிடுவார்கள். என்ன, சொன்னவர் ஒன்று நினைத்திருப்பார், நடந்தது வேறொன்றாக இருக்கும். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் பசுமைப் படை என்று ஒன்று உண்டு. அதற்கு லீடர், பதினொன்றாம் வகுப்பு யுவஸ்ரீ. ஹெட்மாஸ்டர் சென்னியப்பன் பின்னாலேயே அலையாய் அலைந்து, கடற்கரைக்குப் போய் ஆமைகளுக்கு உதவ ஒரு பயணம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கோ இந்தச் சமாசாரமே ஆகாது.

"ஆமைதான் புஸ்தகத்துலயே இருக்குதே. நாலு காலு, ஒரு ஓடு. இதைப் பாக்க அத்தனை தூரம் போகோணுமா?"

"நம்ம கையால செஞ்சு பாத்தாத்தானுங்க சார் மனசுல நிக்கும்."

கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி, போங்க. ஆனா உங்களால ஒரு ஆமையாச்சும் பொழைச்சுதுன்னு அங்கிருக்கறவங்க வாயால சொல்லோணும். இல்லீன்னா இதோட சரி. அடுத்த வருசம் யானை பாக்கக் காட்டுக்குப் போறோம்னு ஆரும் எங்கிட்ட வரப்படாது."

யானைக் காட்டுக்குப் போக வேண்டும் என்பது யுவஸ்ரீக்கு எத்தனை நாள் ஆசை! இந்தப் பயணத்தில் பேர் கெட்டால் அதுவும் போச்சு.

கடற்கரையில் முட்டைகளைக் காப்பவர் ஜெசிந்தா என்ற அக்கா. 'எங்கள் ஆமை முட்டை பொரிப்பகத்துக்கு மாணவர்களை வரவேற்கிறோம்' என்று அவர் அனுப்பிய செய்தியை அறிவியல் வாத்தியார் அவினாசியப்பன் வகுப்பில் சத்தமாகப் படித்தார். வகுப்பே யோசனையில் ஆழ்ந்தது.

"ஏனுங்க சார், பொரிக்கறதுங்களா? அவிக்கறதில்லீங்களா?" என்று கேட்டான் பிரகதீஷ். அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் மெஸ் வைத்திருந்தார்.

"பொரிப்பகம்னுதான் போட்டிருக்குது. அவிப்பகம்னு போடலையே."

"அப்ப எந்த எண்ணெய்ங்க சார்?"

இது பெரிய கேள்வி. அவினாசியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "போறது கடலுக்கு. அப்ப கடலெண்ணெய்தான் பொருத்தமா இருக்கும்."

அடடா, என்ன அறிவு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிரகதீஷ் மெஸ்ஸிலேயே பெரிய கடாயையும் ஒரு தகரம் கடலை எண்ணெயையும் தூக்கி வந்து வேனில் ஏற்றினான். மேகலா வெங்காயத்தைப் பொடிப் பொடியாக நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஆமைகளைக் காப்பாற்றுவதற்கு வெங்காயம் எதற்கு என்று யுவஸ்ரீக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கடலை அவர்கள் யாருமே அதுவரை பார்த்ததில்லை. வேனை விட்டு இறங்கியதும் சௌந்தர் வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா! இத்தனை தண்ணியையும் ஆருடா தொறந்து உட்டது?"

ஜெசிந்தா அக்கா சிரித்த முகமாக ஓடி வந்தார். கடாயைப் பார்த்தார். எண்ணெய்த் தகரத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இது எதுக்குப்பா?"

"பொரிக்கறதுக்குங்க அக்கா" என்றான் பிரகதீஷ்.

அந்த அக்கா மணலிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, முட்டை தானாகப் பொரியும், உள்ளேயிருந்து குஞ்சு வரும், அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தயவுசெய்து வெங்காயமும் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். கடாயைத் தன் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். யுவஸ்ரீக்கு மானமே போனது.

வலை கட்டிய வேலிக்குள் மணலில் முட்டைகள் புதைந்திருந்தன. மேலே மூங்கில் கூடைகள் கவிழ்த்திருந்தன. "நாயும் காக்காயும் வரும். கண்ணிமைக்காம பாத்துக்கங்க. நான் போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அக்கா போனார்.

வந்த பயணம் உருப்பட வேண்டுமே என்று யுவஸ்ரீ எல்லோரையும் சுற்றி நிறுத்தினாள். ஒருத்தரும் இமைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. அப்போது ஒரு செவலை நாய் வந்தது. வேலிக்கு அடியில் நிதானமாகப் பள்ளம் பறித்தது. தலையை உள்ளே விட்டது. எல்லோரும் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள்.

டீ கிளாஸும் கையுமாக அலறிக்கொண்டு ஓடி வந்த அக்காதான் நாயை விரட்டினார். "கண்ணு முன்னாடி நாய் தோண்டுது, சும்மா நிக்கிறீங்களே!"

"பாத்துக்கச் சொன்னீங்க, பாத்தமுங்க" என்றான் சௌந்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வெரட்டச் சொல்லலீங்களே?"

நல்ல வேளை, முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா முகம் கடுகடுவென்று இருந்தது. ஹெட்மாஸ்டரிடம் இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நினைத்தபோது யுவஸ்ரீக்கு அழுகையே வந்தது.

பொழுது சாய்ந்தது. ஒரு கூடைக்கு அடியில் மணல் லேசாகக் குலுங்கியது. அப்புறம் கட்டை விரல் அளவுக்கு ஒரு தலை, இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் இன்னும். குட்டித் துடுப்புகளை அடித்துக்கொண்டு பங்குனி ஆமைக் குஞ்சுகள் புறப்பட்டு வந்தன. யுவஸ்ரீ மண்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். புத்தகத்தில் இருந்த ஆமைக்கு இந்த அவசரமே கிடையாது!

அக்கா கூடையைத் தூக்கினார். "ஆரும் தூக்கிக்கிட்டுப் போகக்கூடாது. அதுவா இந்த மணல்ல நடந்து கடலுக்குப் போகணும். பெரிசானப்புறம் எந்தக் கடல்ல இருந்தாலும் முட்டை போடறதுக்கு இந்த மண்ணைத் தேடித்தான் வரும்."

குஞ்சுகள் நடந்தன. ஆனால் கடல் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். அங்கே டீக்கடை வாசலில், இடுப்புயரக் கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து எல்லாம் ரோட்டுக்குப் போய், வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் சாகப்போகின்றன.

"ஐயோ, ஓடுங்க! அந்த வெளக்கை அணைங்க!" என்று கத்தினார் அக்கா.

கொட்டாப்புளிப்பாளையத்தில் விளக்கை அமத்துவார்கள். அணைப்பது என்றால் அங்கே ஒரே ஒரு அர்த்தம்தான்.

"அணைக்கறதுங்களா?" என்று சௌந்தர் தயங்கினான்.

"அக்கா சொன்னா காரணம் இருக்கும். வாங்கடா!" என்று யுவஸ்ரீ பாய்ந்து போய் விளக்கை இறுக்கக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு மேல் மேகலா, அவளைச் சுற்றி மற்ற பிள்ளைகள். அவினாசியப்பன் சார் எல்லோரையும் சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். இடமில்லாமல் போன சௌந்தர் டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தான். அவர் தலையில் கட்டியிருந்த டார்ச்சும் அவன் மார்பில் மறைந்தது.

கரை முழுக்கக் கும்மென்று இருட்டு, கடல் மட்டும் லேசாக மினுங்கியது. குஞ்சுகள் ஒரு நொடி நின்றன. அப்படியே திரும்பின. அலை வந்து ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டு போனது.

ஜெசிந்தா அக்கா திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. "எப்படியோ, நீங்க இல்லைன்னா இன்னிக்கு ஒண்ணும் பொழைச்சிருக்காது" என்றார். அதையே ஹெட்மாஸ்டருக்கும் போனில் சொன்னார். யுவஸ்ரீ சந்தோஷத்தில் அந்த விளக்கை இன்னொரு தடவை அணைத்தாள்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "அக்கா, ஆளுக்கு ஒரு பிடி மண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

"ஒரு பிடிதான். பையில, பாட்டில்ல எல்லாம் அள்ளக்கூடாது."

பையில் போடக்கூடாது என்றால் கையில்தான் வைத்திருக்க வேண்டும். ஊர் வந்து சேரும் வரைக்கும் ஒருத்தரும் கையை விரிக்கவில்லை. வழியில் சாப்பிட இறங்கிய கடையில் டிரைவர்தான் வரிசையாக உட்கார வைத்து அத்தனை பேருக்கும், சார் உட்பட, தோசையைப் பிய்த்து ஊட்டிவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர் கை குலுக்க வந்தார். எல்லோரும் முஷ்டியை நீட்டியதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"அடிக்கறக்கில்லீங்க சார், மண்ணுங்க" என்றாள் யுவஸ்ரீ. "ஆமைக எங்கிருந்தாலும் இந்த மண்ணைத் தேடித்தான் வருமாமுங்க. இங்க கொட்டி வெச்சா நம்ம ஸ்கூலுக்கே வந்துருமுங்க."

வேப்பமரத்தடியில் எல்லோரும் கையை விரித்தார்கள். ஹெட்மாஸ்டர் அந்தச் சின்ன மணல் குவியலையே வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த வருசம் யானைப் பயணம் கெடையாது."

யுவஸ்ரீ முன்னால் ஓடி வந்தாள். "ஏனுங்க சார்? அக்காதான் நல்லபடியா சொன்னாங்களே?"

"சொன்னாங்க. நானே தப்பா நெனைச்சிருந்தேன், நேர்ல போனாத்தான் வெவரம் தெரியுது. ஆனா அத்தனை பேரும் காட்டுக்குப் போயிட்டா, ஆமை வர்ற அன்னிக்கு ஸ்கூல்ல ஆரு இருப்பா?"

நியாயமான கேள்விதான். எல்லோரும் மண்டையைச் சொறிந்தார்கள். கடைசியில் யுவஸ்ரீ ஒரு வழி சொன்னாள்: பாதிப் பேர் யானைக்குப் போவது, பாதிப் பேர் ஆமைக்கு இருப்பது. ஹெட்மாஸ்டர் அகமகிழ்ந்து அந்த இடத்திலேயே பயணத்துக்குச் சம்மதம் கொடுத்தார். கையோடு வாட்ச்மேனையும் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஆமை வந்தா கேட்டைத் தொறந்து உடு. யூனிஃபார்ம் இல்லீன்னு திருப்பி அனுப்பிப் போடாதே."

"சரிங்க சார். பெல் அடிச்சதுக்கப்புறம் வந்தா?"

"அட, ஆமைப்பா அது! லேட்டாத்தான் வரும்."