காரணம் எழுதும் கட்டம்

"என் போஸ்டர்ல என்னதான் குறை, டீச்சர்?" என்று கேட்டார், அந்தப் பள்ளிக்குத் தன்னார்வலராக வரும் இளமாறன்.

விளையாட்டு டீச்சர் ஜெசிந்தா கபடிக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது சிறியவள். ஆனாலும் அவளைத் தன் குரு என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அவர் வரைந்த முதல் ஆறு போஸ்டர்களையும் பார்த்து, "இது யாருக்கு?" என்ற ஒரே கேள்வியில் குப்பைக்கு அனுப்பியவள் அவள்.

இது ஏழாவது. நாப்கின் வாங்க வழியில்லாமல் மாதம் மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கானது. 'வெட்கம் வேண்டாம். கேளுங்கள், கிடைக்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

"நாப்பது பாக்கெட் பீரோவுல அப்படியே இருக்கு. ரெண்டு மாசமா ஒரு பிள்ளைகூடக் கேக்கல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு, குடுத்தவங்க திருப்பி எடுத்துக்கப் போறாங்களாம்."

"மாரிச்செல்வி இன்னிக்கும் வரல," என்றாள் ஜெசிந்தா. "நாளைக்கு மேட்ச். அவதான் கேப்டன்."

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை அது. பழைய துணி காயாத நாளில் அவளுக்கு வகுப்பும் கிடையாது, கபடியும் கிடையாது.

"எழுத்தை இன்னும் பெரிசாக்கவா?"

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

காலையிலிருந்து வெயிலில் போஸ்டர் ஒட்டிய மனிதர், மடமடவென்று குடித்தார்.

இன்னொரு பாட்டிலை நீட்டினாள். குரு கொடுத்தால் மறுப்பாரா? அதையும் குடித்தார்.

சற்று நேரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"டீச்சர், பாத்ரூம் சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு. இதுல எழுதுங்கண்ணே." ஒரு நோட்டை விரித்தாள். "பேரு, தேதி, காரணம். எழுதிட்டு ஹெச்.எம். சார்கிட்ட ஒரு கையெழுத்து."

"அவர் எங்க?"

"ஸ்டாஃப் ரூம்ல. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, சாருக்குக் காது மந்தம்."

"டீச்சர், அவசரம்."

"வெட்கம் வேண்டாம்ணே."

இளமாறன் நோட்டைப் பார்த்தார்.

அவரே கோடு போட்ட நோட்டு. பாக்கெட் வாங்கும் பிள்ளைகளின் பட்டியல் வேண்டுமே என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டம் கட்டியிருந்தார். பெயர். வகுப்பு. தேதி. காரணம். தலைமையாசிரியர் கையொப்பம்.

ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அவர் காதெல்லாம் சூடேறியது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இருந்த நிலையில் பாதிச் சிரிப்புத்தான் சிரிக்க முடிந்தது.

"அந்தப் பீரோ கனமா, டீச்சர்?"

"ரெண்டு பேர் தூக்கலாம்."

"பிள்ளைங்க பாத்ரூமுக்குள்ள வச்சிருவோம். பீரோ கதவையும் கழட்டிரலாம். இப்பவே." பேசிக்கொண்டே பீரோ இருந்த அறையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஜெசிந்தா ஓடிப்போய் சாவியை அவர் கையில் திணித்தாள்.

"மொதல்ல நீங்க போயிட்டு வாங்கண்ணே."