கரும்புத் தோகைக்குப் பல் முளைத்த கதை

செடியும் கொடியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரும்பைப் போல வாயாடி வேறு கிடையாது. தோகையின் விளிம்புதான் அதற்கு உதடு. வாழைக் குருத்து மாதிரி மெத்தென்று இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திப் பேசும். பொய் சொல்லத் தெரியாது, வாயை மூடவும் தெரியாது.

கடல் நடுவே ஒரு தீவில் வெள்ளைக்காரத் துரை ஒருவன் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நட்டான். வெட்டுவதற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் ஆட்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தான். தப்பித்தால் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, தோட்டத்துக்கு அப்பால் ஒரு மலை. முன்பே தப்பியவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஆனால் கரும்புக்குள் புகுந்துதான் அங்கே போக முடியும்.

அந்தத் தோட்டத்தில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய கைக்குழந்தையை மட்டும் துரை வேறு தோட்டத்துக்கு விற்றுவிட்டான். ஏற்றிப்போக வண்டியும் வந்து நின்றது. காத்தாயி பிள்ளையை முந்தானையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் கரும்புக்குள் ஓடினாள்.

"எங்க தாயி இவ்வளவு அவசரம்?" என்றது கரும்பு.

"மலைக்கு. துரையோட நாய் வந்து கேட்டா சொல்லிடாத."

"கேட்டா சொல்லத்தானே வேணும்? முன்னாடி ஒருநாள் வேலப்பன் வந்தாரு. நாய் கேட்டுது, சொன்னேன். ஒளிஞ்சு விளையாடுறாங்கன்னு நெனச்சேன்."

காத்தாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விளையாட்டா? பிடிச்சிட்டுப் போயி அவரு குதிகால் நரம்பை அறுத்துப்புட்டாங்க. இப்ப நொண்டி நொண்டி உனக்குத்தான் களையெடுக்கிறாரு. என் புருஷன் அவரு. பிள்ளையத் தூக்கிட்டு ஓடுன்னு சொன்னதும் அவருதான்."

கரும்பு வெட்கத்தில் அப்படியே கூசிப்போனது. தூரத்தில் நாய் குரைத்தது.

"எனக்குப் பொய் வராது தாயி," என்றது கடைசியில். "பல்லைக் கடிச்சு வாயை மூடுறதுதான் ஒரே வழி. அதுக்குப் பல் முளைக்கணும். முளைச்சா யாரு கைன்னு பாக்காது. உன்னையும் அறுக்கும், உன் சனத்தையும் அறுக்கும். அப்புறம் என்னாலயும் பேச முடியாது."

"முளைக்கட்டும். வெட்டுக்கத்தி பட்டுப் பட்டு இந்தக் கையில அறுபட இனி இடமில்ல. பிள்ளைய நான் மூடிக்கிறேன்."

கரும்பு வாயை மூடியது. வயல் முழுக்கத் தோகை தோகையாக, ரம்பம் போலப் பல் முளைத்தது. காத்தாயி பிள்ளையை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு அதற்குள்ளேயே ஓடினாள். தோளிலும் முகத்திலும் தோகை கிழித்தது. அவள் நிற்கவில்லை.

நாய் வந்து வாலாட்டியது.

"அண்ணே, ஒரு பொம்பளை இந்தப் பக்கம் வந்தாளா?"

பதில் இல்லை.

"என்னண்ணே, கோவமா? சொல்லுங்கண்ணே, துரை எனக்கு எலும்பு போடுவாரு."

எலும்பு ஆசை யாரை விட்டது! நாய் மூக்கை உள்ளே நுழைத்தது. மூக்கு கிழிந்து, ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. துரையின் குதிரையும் உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. துரை எவ்வளவோ அதட்டிக் கேட்டுப் பார்த்தான். கரும்பு அசையவில்லை. ஆத்திரத்தில் வயலுக்கே தீ வைத்தான். அதற்குள் காத்தாயி மலையேறிவிட்டாள்.

தோகை எரிந்தபோதும் கரும்பு "ஐயோ" என்றுகூட வாய் திறக்கவில்லை. எரிந்த கட்டையிலிருந்து அடுத்து முளைத்த மறுதாம்பும் பல்லோடுதான் முளைத்தது.

மலையில் இருந்தவர்கள் காத்தாயியின் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள். அவள் உடம்பெல்லாம் ரத்தம். பிள்ளைமேல் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று முளைத்த பல்தான் இன்றும் கரும்பு வெட்டுகிறவர் கையை அறுக்கிறது. காற்றடித்தால் தோகை சலசலக்கும், அவ்வளவுதான். அன்று முதல், தனக்குள் புகுந்தவர் எந்தப் பக்கம் போனார் என்று கரும்பு யாருக்கும் சொன்னதில்லை.