எதுனாலும் செரிங்க

"எல்லாரும் எனக்கு ஒரு பாடத்தைச் சொல்லிட்டாங்க சார். நீங்க ஒருத்தருதான் பாக்கி. நீங்களும் சொல்லிட்டீங்கன்னா அதையே எடுத்துக்குவேன்" என்றாள் வசந்தாமணி.

பூபதி நிமிர்ந்து பார்த்தார்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கல்லூரியில் முதல் வருடம். அவர் அவளுடைய பாட ஆலோசகர். வயதில் அவளுடைய மூத்த மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே. அதனால் அவர் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"உட்காருங்கம்மா. யாரு யாரு என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்காரரு வணிகவியல்ங்கறாரு. கடைக் கணக்குப் பாக்க ஒத்தாசையா இருக்குமாம். பையன் கம்ப்யூட்டர்ங்கறான். நாத்தனாரு தமிழ் எடுத்துக்கோ, ஈஸியா இருக்கும்ங்கறாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு எதுனாலும் செரிங்க."

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடம் எல்லாரும் எல்லாவற்றையும் கலந்துகட்டிப் படிப்பார்கள். வருடக் கடைசியில் ஒரு வாரம் எல்லாத் துறைகளின் கதவும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எந்த வகுப்பிலும் போய் உட்காரலாம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தன் முதன்மைப் பாடம் எதுவென்று ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்லாதவர்களை எங்கே இடம் காலியோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். போட்டது போட்டதுதான். படிப்பு முடியும்வரை அசைய முடியாது. இன்று அந்த வாரத்தின் திங்கட்கிழமை.

பூபதியைப் பற்றிப் பையன்களுக்குள் ஒரு புகார் இருந்தது. ஆலோசகர் என்று பலகை மட்டும் பெரிதாக மாட்டியிருக்கிறார், ஆலோசனைதான் வாயிலிருந்து வராது என்று. வசந்தாமணி அதை நம்பவில்லை. சின்னப் பையன்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, நாம் பக்குவமாகக் கேட்டால் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள்.

"வாங்கம்மா, ஏதாவது குடிச்சுக்கிட்டே பேசலாம்" என்று அவர் எழுந்தார்.

கேன்டீனில் பரிமாறும் பீர் பாய் துணியால் மேசையைத் துடைத்துவிட்டு நின்றார்.

"நீங்க என்ன குடிக்கறீங்கம்மா?" என்று கேட்டார் பூபதி.

"உங்களுக்கு என்னவோ அதே எனக்கும்."

பூபதி சுவரில் இருந்த விலைப் பலகையை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். மாணவர்களின் ஆரோக்கியத்துக்காக நிர்வாகம் எழுதிப் போட்ட வரி அது. அதை யாரும் கேட்டு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"ரெண்டு பாகற்காய் ஜூஸ், பாய்."

பாயின் கை நின்றது. "சார், நெசமாவா?"

"நெசமாத்தான்."

பச்சையாக, நுரையோடு வந்தது. வசந்தாமணி ஒரு வாய் குடித்தாள். நாக்கில் தொடங்கிய கசப்பு காதுவரை ஏறியது. வாத்தியார் வாங்கிக் கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதை ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள்.

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க."

இப்படிச் சொல்ல அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பயிற்சி.

"பாடம் சார்?"

"நாலு வகுப்புல உட்காந்து பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

செவ்வாய்க்கிழமை அவள் நாலு வகுப்பில் உட்கார்ந்தாள். வணிகவியலில் கொட்டாவி வந்தது. கம்ப்யூட்டரில் பக்கத்துப் பெண் வேகமாகத் தட்டியதை வேடிக்கை பார்த்தாள். தமிழ் வகுப்பு இனிமையாகத்தான் இருந்தது, தூக்கமும் இனிமையாக வந்தது.

நாலாவது நிலவியல். கல்லையும் மண்ணையும் மலையையும் படிக்கிற பாடம். அங்கே இருந்த பேராசிரியை முன்னுரை எதுவும் பேசவில்லை. ஆளுக்கொரு கல்லையும் சுத்தியலையும் கொடுத்து "அடிங்க" என்றார்.

வசந்தாமணி அடித்தாள். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. ஜிமிக்கி ஆடும் அளவுக்கு ஓங்கி இன்னொன்று போட்டாள். கல் இரண்டாகப் பிளந்தது. வெளியே அழுக்குச் சாம்பல் நிறம். உள்ளே ரோஜா நிறத்தில் மினுமினுத்தது.

பேராசிரியை அவள் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "இதுக்குள்ள இருக்கறதை உங்களுக்கு முன்னாடி யாருமே பாத்ததில்லம்மா. நீங்கதான் மொத ஆளு."

வசந்தாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கைக்கு இதுவரை வந்ததெல்லாம் வேறு யாரோ பார்த்து, தொட்டு, சரி என்று சொன்ன பிறகு வந்தவைதான். கல்யாணப் புடவைகூட மாமியார் பார்த்து எடுத்தது. வகுப்பு முடிந்தும் அவளால் அந்தக் கல்லைக் கீழே வைக்க முடியவில்லை. கேட்டு வாங்கி ஒரு துண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

ராத்திரி சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள். "நிலவியல்னு ஒண்ணு இருக்குதுங்க. கல்லு, மலை இதெல்லாம்."

கணவர் ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "கல்லு ஒடைக்கறதுக்கா காலேஜுக்குப் போறே?"

போனில் மகனும் சிரித்தான். "அம்மா, அதுக்கு மலை மலையா ஏறணும். உன் முட்டி தாங்குமா?"

ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் அல்ல. சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார், அவ்வளவுதான். வசந்தாமணியும் கூடவே சிரித்தாள். கல்லூரியில் சேர வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் பிடிவாதம் பிடித்திருந்தாள். கைவசம் இருந்த பிடிவாதமெல்லாம் அதிலேயே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பூபதியிடம் போனாள்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேனுங்க. நீங்க எதைச் சொன்னாலும் செரிங்க."

"வாங்க, கேன்டீனுக்குப் போலாம்" என்று எழுந்தவர், மேசையில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"நீங்க என்ன குடிக்கறீங்கம்மா?"

"உங்களுக்கு என்னவோ அதே எனக்கும்."

"ரெண்டு பாகற்காய், பாய்."

வியாழக்கிழமையும் அதே மேசை, அதே தம்ளர். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"நீங்க ஆலோசகர்தானுங்களே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப ஒரு ஆலோசனை சொல்லுங்களேன்."

"குடிங்கம்மா, ஆறிடும்."

"ஜில்லுனு இருக்கறது எப்படீங்க ஆறும்?"

"ஆறாதா? அப்ப மெதுவாவே குடிங்க."

பையன்கள் சொன்னது நிஜம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை. நாலரை மணி. ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரியாமல் போவதில்லை என்ற முடிவோடு வந்தாள்.

பாகற்காய் வந்தது. இரண்டு தம்ளரும் மேசையில் நின்றன.

"இன்னைக்கு நீங்க சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன் சார்."

"செரிம்மா. சொல்லிடறேன்."

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"வணிகவியல்."

வசந்தாமணி அசையவில்லை. இந்த வாரம் முழுவதும் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வணிகவியலுங்களா?"

"ஆமாம்மா. கடை இருக்குது, கணக்கு இருக்குது. உட்கார்ந்த எடத்துலயே வேலை. நிறைய இடம் காலியா இருக்குது." அவர் போனை எடுத்தார். "பதிஞ்சிடட்டுமா?"

அவள் தம்ளரைக் கையில் எடுத்தாள். பழக்கதோஷத்தில் உதடுவரை கொண்டுபோனாள். அந்த வாடை மூக்கில் ஏறியது.

கீழே வைத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க."

"எது வேண்டாம்? ஜூஸா, வணிகவியலா?"

"ரெண்டும்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவி, கல்லை எடுத்து, இரண்டு தம்ளருக்கும் நடுவில் டொக்கென்று வைத்தாள்.

"நான் கல்லு ஒடைக்கத்தான் போறேன் சார். நிலவியல். மலை ஏறணும்னா ஏறிக்கறேன். முட்டி வலிச்சா தைலம் தேச்சுக்கறேன். கூட வர்ற பசங்க என்னை ஆயான்னு கூப்பிட்டாலும் செரி. சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"செவ்வாக்கெழமையே யோசிச்சுட்டேனுங்க."

"அப்புறம் எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. மொத நாளு ஒரு பேச்சுக்குக் கேட்டதோட செரி."

"வர்றப்பல்லாம் கேட்டேனே."

பூபதி தம்ளரைப் பார்த்தார். வசந்தாமணியும் பார்த்தாள்.

அவள் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூபதி போனில் எதையோ அழுத்தித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வசந்தாமணி, நிலவியல் என்று இருந்தது. அவள் ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தாள். எழுத்து சரியாகத்தான் இருந்தது.

பீர் பாய் துணியோடு வந்து நின்றார். அவளுடைய தம்ளர் முதல் முறையாக நிறைந்திருந்ததைப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் வேணுமாம்மா?"

பூபதி அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"டீ போடுங்க பாய்" என்றாள் வசந்தாமணி. "இஞ்சி தட்டிப் போடுங்க. சர்க்கரை தூக்கலா இருக்கட்டும். ஆடை வேண்டாம், எனக்கு அது எப்பவுமே பிடிக்காது."

"உங்களுக்கு சார்? அந்தப் பாகற்காயே இருக்கட்டுமா?"

பூபதி தன் தம்ளரை ஒரு விரலால் மேசையின் ஓரம்வரை தள்ளினார். அந்த வாரம் முழுவதும் அடக்கி வைத்திருந்த முகச்சுளிப்பு மொத்தமும் இப்போதுதான் வெளியே வந்தது.

"ஐயோ, போதும் பாய். அம்மாவுக்கு என்னவோ அதே எனக்கும்."