கயிறு பிடிக்கிற மச்சான்

மலையில் பீரங்கிப் பயிற்சித் திடல் போட வந்த ராணுவ அதிகாரி, தேனெடுக்கும் ஜடையனிடம் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். "உங்க ஊர்ப்பக்கம் ஒரு குண்டுகூட விழாது. என்னை நம்பிக் கைநாட்டு வை."

"நம்புறேங்க ஐயா. ஆனா நாங்க தேனுக்குப் பாறையில இறங்கினா, பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் மேலே கயிறு பிடிப்பான். கயிறு நழுவினா தாலியறுக்கப்போறது அவன் தங்கச்சியாச்சே! நீங்களும் உங்க தங்கச்சியை இங்க குடிவைங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்."

"என் தங்கச்சியையா?" அதிகாரி பதறிப்போனார். "குண்டு எங்கே விழும்னு எவனுக்குடா தெரியும்!"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பத்திரம் கைநாட்டில்லாமல் திரும்பிப் போனது.

அதனால் என்ன? மறுமாதமே பீரங்கி முழங்கியது. பாறைத் தேனீக்கள் முதல் நாளே மலையைவிட்டுப் போயின. ஜடையனுக்குக் கயிறு பிடித்த மச்சான், மூன்றாம் நாள் குண்டில் போனான்.