மன்னருக்குப் பதிலாக மனப்பாடம்

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை உலகாபரணர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மறதிக்காரர். ஒருநாள் காலையில் ஏரித் தண்ணீர் மேலூராருக்கே என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அதே தண்ணீரைக் கீழூராருக்குக் கொடுத்தார். சாயங்காலம் இரண்டு ஊராரும் மண்வெட்டியோடு மதகில் நின்றார்கள். மண்டை உடையாமல் அவர்களை அனுப்பிவைப்பதற்குள் அமைச்சர் சேந்தனாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அரண்மனை வைத்தியர் மன்னரின் நாடியைப் பார்த்தார். மருந்து வேண்டாம், விடிந்ததும் தினம் ஒரு பாட்டை மனப்பாடம் செய்தால் போதும், உடம்புக்குத் தண்டால் எடுப்பதைப்போல மூளைக்கு அது என்றார்.

மன்னருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. உடனே அந்த வேலையைச் சபையாரிடம் ஒப்படைத்துவிட்டார்.

"மறதி தங்களுக்கு. மனப்பாடம் எங்களுக்கா?" என்று கேட்டார் சேந்தனார்.

"எனக்காகப் போருக்குப் போகச் சேனாபதி இருக்கிறார். எனக்காக வரி வாங்க அதிகாரி இருக்கிறார். இதை மட்டும் நானேவா செய்வது?"

சேந்தனார் பெருமூச்சு விட்டார்.

சபைப் புலவர் கீர்த்திவாணருக்கோ கொண்டாட்டம். தினமும் மன்னர் சார்பில் பாட்டுப் பாட்டாக ஒப்பித்தார். மன்னர் அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்தார். மறதி மட்டும் வளர்ந்தது. அமைச்சர் பதவிமேல் புலவருக்கு நெடுநாளாக ஒரு கண். சேந்தனார் ஒரு வரிகூடப் படிப்பதில்லை, மன்னர் நலத்தில் அவருக்கு அக்கறையில்லை என்று கோள் சொன்னார்.

மன்னருக்குக் கோபம் வந்தது. நாளை மாலைக்குள் சேந்தனாரும் ஒரு பாட்டு ஒப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அமைச்சரின் முத்திரை மோதிரம் கீர்த்திவாணருக்குப் போய்விடும் என்றார்.

ஒரு பாட்டை ஒப்பிப்பது சேந்தனாருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அவரும் ஒப்பித்துவிட்டால் மன்னர் கடைசிவரை தாமே படிக்க வாயைத் திறக்கமாட்டார். அடுத்த தீர்ப்பில் மதகில் ரத்தம்தான் ஓடும்.

மறுநாள் காலை மன்னர் சாப்பிட உட்கார்ந்தார். நெய்ப் பொங்கல் மணத்தது. சேந்தனார் முன்னால் வந்து, இன்று மன்னர் சார்பில் தாம் சாப்பிடப்போவதாகப் பணிவோடு சொன்னார்.

கீர்த்திவாணருக்குப் பொறுக்கவில்லை. "மன்னர் சார்பில் மனப்பாடம் செய்கிறவன் நான். சாப்பாடும் எனக்குத்தான் சேரும்" என்று இலையை இழுத்துக்கொண்டார்.

மன்னர் ஏதோ மரியாதை என்று எண்ணி இலையை விட்டுக்கொடுத்தார். புலவர் பொங்கலை வழித்துச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். சமையல்காரர் அடுப்பை அணைத்தார்.

"எனக்கு எங்கே?" என்றார் மன்னர்.

"தாங்கள்தான் சாப்பிட்டாயிற்றே, கீர்த்திவாணர் மூலமாக" என்றார் சேந்தனார்.

"என்னய்யா இது? அவர் தின்றால் என் வயிறு எப்படி..."

மன்னர் பாதியில் நிறுத்தினார். சேந்தனாரைப் பார்த்தார். சேந்தனார் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சபையாரில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

மன்னருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மோதிரம் உம் கையிலேயே இருக்கட்டும்" என்று சேந்தனாரிடம் சொல்லிவிட்டுப் புலவர் பக்கம் திரும்பினார். "நாளை முழுதும் உமது சாப்பாட்டை உமது சார்பில் நான் சாப்பிடுகிறேன். பசி தீர்ந்ததா என்று சாயங்காலம் வந்து சொல்லும்."

அன்றுமுதல் மன்னர் தாமே படித்தார். முதலில் ஒரு வரி. அதிலும் பாதி தவறும். விடாமல் படித்தார். அடுத்த முறை ஏரி வழக்கு வந்தபோது தண்ணீரைச் சரிபாதியாகப் பிரித்தார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் அதே தீர்ப்பைச் சொன்னார்.

சேந்தனாருக்கு ஒரு பெரிய வெகுமதியும் கிடைத்தது. மன்னர் ஒப்பிப்பதை முதலில் கேட்கும் உரிமை. கோழி கூவும் முன்பே மன்னர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்.

"தங்கள் சார்பில் நான் இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமா?" என்று உள்ளேயிருந்து சேந்தனார் கெஞ்சுவார்.

அதற்குள் வாசலில் பாட்டு ஆரம்பித்திருக்கும்.