அலை தண்ணீரை இறக்கி வைத்த நாள்

கடலில் இருந்தவை எல்லாம் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், அலை தண்ணீரைத் தோளில் சுமந்துகொண்டுதான் ஓடுவான். காற்று தன் வேகத்தை அவனிடம் கொடுத்து, "கரையில சேர்த்துடு" என்பாள். அவனும் அங்கிருக்கும் தண்ணீரை அப்படியே அள்ளி, மீனும் பாசியும் குஞ்சுகளுமாகக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவான்.

ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு இதனால் நிம்மதியே இல்லை. அவளுடைய கன்று மொட்டு, பால் குடிக்கும்போதே இரண்டு முறை அலையோடு போய்விட்டது. மூன்றாம் முறை மணலில் கிடந்தது. முதுகுத்தோல் வெயிலில் வெடித்திருந்தது. ஆவுளியா வயிறு தரையில் உரச ஏறி, மூக்கால் முட்டி முட்டி அதைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"எவ்வளவோ கூப்பிட்டேம்மா" என்றது மொட்டு.

அவளுக்குக் கேட்கவே இல்லை. அந்த நாளில் குரலும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கை விரித்த அளவில் நாலு பாகம் தாண்டுவதற்குள் களைத்து விழுந்துவிடும்.

ஆவுளியா கன்றை அணைத்தபடி அலையைத் தேடிப் போனாள். அவன் சுமந்து சுமந்து இளைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். திட்ட வந்தவளுக்கு மனம் இளகிவிட்டது.

"அண்ணே, காத்து உங்ககிட்ட என்ன குடுத்துவிடுறா?"

"வேகத்தை."

"தண்ணியவுமா?"

அலை யோசித்தான். "தண்ணிய யாரும் கேக்கல தாயி. ஆனா இறக்கி வச்சா வேகம் எதுல போகும்?"

"துளிக்குத் துளி கை மாத்திவிடுங்க. ஒரு துளி பக்கத்துத் துளிய அசைச்சுட்டுத் தன் இடத்துக்கே திரும்பட்டும்."

"நடுவுல நின்னுபோச்சுன்னா? காத்து என்னைச் சும்மா விடமாட்டா."

ஆவுளியா கன்றின் பக்கம் திரும்பினாள். மொட்டுவை மெல்லத் தள்ளி அவன் முதுகில் வைத்தாள்.

"என் புள்ளைய உங்ககிட்ட விடுறேன். கொண்டுபோயிடாதீங்க."

 அலை கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைக் கீழே விட்டான். வேகத்தை மட்டும் முதல் துளியிடம் கொடுத்தான். அது எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்ததை எழுப்பிவிட்டு, இருந்த இடத்துக்கே வந்தது. மொட்டு மேலே போயிற்று. கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. இறங்கிப் பின்வாங்கி, அம்மாவின் பக்கத்திலேயே நின்றது. தூரத்தில் கரை அதிர்ந்தது. வேகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை மாமா" என்றது மொட்டு. அலை தன் தோளைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

இதைப் பார்த்திருந்த குரலும் சுமையைப் போட்டது. கடலுக்கடியில் எழும்ப இடமில்லை. ஆகையால் துளிகளை முன்னே நெருக்கி, பின்னே தளர்த்திப் போனது. மொட்டு எங்கோ கடற்புல் மேய்ந்துகொண்டே "அம்மா" என்றால் ஆவுளியாவின் காதருகில் கேட்டது.

கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் மட்டும் அலைக்குக் கால் தடுக்கும். நுரையோடு குப்புற விழுவான். மற்றபடி, அன்று சுமையை இறக்கியதிலிருந்துதான் நடுக்கடலில் அலை தன் வழியே ஓட, தண்ணீர் தன் இடத்திலேயே எழும்பி எழும்பித் தாழ்கிறது. கடற்பசுக் கன்றும் தாயின் பக்கத்திலேயே மிதந்தபடி பால் குடிக்கிறது.